சொன்னது சொன்னபடி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் நடுவரானேன் என்று அண்ணன் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அதில் பொய் இல்லை. அவன் டயர் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். வார விடுமுறையில் அந்தத் தொழிற்சாலையின் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர். அவன் அணி ஆடும் இடத்திலெல்லாம் நான் கோட்டுக்கு வெளியே நின்று நடுவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். "யோவ், அது ஃபவுல் இல்லையா? கண்ணு எங்கய்யா இருக்கு?" நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. அதனால் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தனி உரிமை இருப்பதாக ஒரு நினைப்பு.

ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் அண்ணன் ஒரு படிவத்தை என் மடியில் போட்டான்.

"என்னண்ணா இது?"

"ரெஃப்ரி பயிற்சி. எட்டு ஞாயித்துக்கிழமை. வெளிய நின்னு வாயால ஊதுறதை உள்ள போய் விசில்ல ஊது. எங்க காதாவது பிழைக்கும்."

"கிண்டலா? வர்றேன் பாரு. முதல் ஆட்டத்துலயே உன்னை வெளிய அனுப்புறேன்."

"அனுப்பு, அனுப்பு. அம்மாவுக்கும் சந்தோஷமா இருக்கும்."

அம்மா உள்ளறையிலிருந்து, "ரெண்டு பேரும் என்னை இழுக்காதீங்க" என்று குரல் கொடுத்தாள். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது.

பயிற்சி ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் வகுப்பறையில் நடந்தது. பதினேழு பேரில் நான் ஒருத்திதான் பெண். விதிப் புத்தகம், கொடி பிடிக்கும் விதம், எதற்கு மஞ்சள் அட்டை, எதற்குச் சிவப்பு அட்டை என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அறிக்கை எழுதுவது எப்படி என்ற பாடம். ஆட்டத்தில் யாராவது நடுவரைத் திட்டினால், 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று எழுதக்கூடாது. வாயிலிருந்து என்ன வந்ததோ அதை அப்படியே எழுத வேண்டும். விசாரணைக் குழு படிப்பது அந்த வார்த்தைகளைத்தான், நடுவருடைய அபிப்பிராயத்தை அல்ல.

எங்கள் வகுப்பில் ஒரு கல்லூரி ஆசிரியர் இருந்தார். பரம சாது. பயிற்சிக்காகக் கொடுத்த வசவை முதல் எழுத்தும் புள்ளிகளுமாக எழுதினார். பூஜ்யம் போட்டார்கள். "சார், என் பேனாவுல இது வராது" என்று அவர் கெஞ்ச, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நான் அட்சரம் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை அண்ணனிடம் காட்டினேன். அவன் படித்துவிட்டு, "அம்மா, உன் பொண்ணு என்னா அழகா எழுதியிருக்கா பாரு" என்று உள்ளே போகப் பார்க்க, ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

நடுவர்களில் அடிமட்டமான நான்காம் நிலையில் தொடங்கினேன். பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம், நிறுவனங்களின் நட்பு ஆட்டம். கோட்டோரம் கொடியோடு ஓடினேன். நான் கண்ணாடிக் கடைக்காரி என்று தெரிந்த நாளிலிருந்து ஆட்டக்காரர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. எதிலே தப்புப் பிடித்தாலும், "கண்ணாடிக்கா, உங்க கடையில உங்களுக்குத் தள்ளுபடி உண்டா?" என்பார்கள். நானும் விட மாட்டேன். "உனக்கு இலவசமாவே தர்றேன், முதல்ல பந்தைப் பாத்து உதை" என்பேன். இரண்டு வருடத்தில் மூன்றாம் நிலை. அடுத்த இரண்டு வருடத்தில் இரண்டாம் நிலை. ஒவ்வொரு முறையும் சட்டையில் அந்த நிலைக்கான புது பேட்ஜைத் தைத்துக் கொடுத்தது அண்ணிதான். அண்ணன் ஓட்டப் பயிற்சிக்கு விடிகாலையில் கூடவே வந்து கடிகாரம் பிடித்தான். நான் மூச்சு முட்டி நின்றால், "என்னடி, பஸ்ஸுக்கா நிக்கிற?" என்று பின்னாலேயே கத்துவான். முதல் நிலைக்கு நான் போக வேண்டும் என்று என்னைவிட அவனுக்குத்தான் ஆசை.

முதல் நிலை என்றால் பெரிய லீக், ஆண்கள் ஆட்டம். அதற்கு ஆண்களுக்கு வைத்திருக்கும் நேரத்திலேயே ஓட வேண்டும். எழுபத்தைந்து மீட்டரைப் பதினைந்து நொடியில் ஓடி, இருபத்தைந்து மீட்டரைப் பதினெட்டு நொடியில் நடக்க வேண்டும். இப்படி நாற்பது முறை, நடுவில் நிற்காமல். ஒருமுறை பிந்தினால் எச்சரிக்கை, மறுமுறை பிந்தினால் வீட்டுக்குப் போகலாம். வருடத்துக்கு ஒரே ஒரு நாள்தான் அந்தத் தேர்வு. முப்பத்தைந்து வயதுக்கு மேல் விண்ணப்பிக்க முடியாது. எனக்கு முப்பத்தைந்து முடிய நான்கு மாதம் இருந்தபோது அந்த வருடத் தேர்வு வந்தது. அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. நானும் அண்ணனும் அண்ணியும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். தேர்வு நாளன்று மதியம் என்னுடைய முறை. நான் தயங்கியபோது போகச் சொன்னது அண்ணன்தான்.

"ஒரு மணி நேரம்தானே? வார்டுல சொல்லிட்டுப் போ. மூணு மணிக்கு நான் ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வந்துடறேன். போய் ஓடிட்டு வா."

நான் போனேன். ஓடினேன். தேறினேன். திரும்பி வந்தபோது அம்மா இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், போன் பையில் கிடந்தது, நான் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் அண்ணனுக்கும் தகவல் போகவில்லை. அம்மா பக்கத்தில் பெற்ற பிள்ளைகள் ஒருவரும் இல்லாமல் போய்ச் சேர்ந்தாள். வந்த சொந்தக்காரர்களில் சிலர் ஜாடைமாடையாக ஏதோ ஆரம்பித்தார்கள். அண்ணன் சீறிவிட்டான். "அவளுக்கு எப்படித் தெரியும்? போன் பையில கிடந்துச்சு. தெரிஞ்சிருந்தா பறந்து வந்திருக்க மாட்டாளா? இதைப் பத்தி இனி ஒருத்தரும் வாயைத் திறக்கக்கூடாது."

இது நான் எல்லோரிடமும் சொன்ன கதை. நடந்தது வேறு.

போன் பையில் இல்லை, என் கையில் இருந்தது. ஓட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். வார்டு நர்ஸ் பேசினாள். நான் ஒரு பதில் சொல்லிவிட்டுப் போனை அணைத்துப் பையில் போட்டேன். ஆஸ்பத்திரி அங்கிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். போயிருந்தால் பார்த்திருக்கலாம். அந்த நர்ஸ் அதற்கு முன்பு மூன்று முறை அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். மூன்று முறையும் நான் அடித்துப் பிடித்து ஓடிப் போய் நின்றால் அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "வேலையை விட்டுட்டு ஏண்டி வந்தே?" என்று கேட்டாள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். அல்லது அப்படி நினைக்க விரும்பினேன். முப்பதாவது ஓட்டத்தில் எனக்கு அம்மா ஞாபகமே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது போனிலிருந்து அந்த அழைப்பை அழித்தேன்.

ஓட்டத்தில் தேறினால் மட்டும் முதல் நிலை கொடுத்துவிட மாட்டார்கள். மூன்று ஆட்டங்களில் ஒரு பார்வையாளர் மேலே உட்கார்ந்து நம் ஒவ்வொரு முடிவுக்கும் மதிப்பெண் போடுவார். என் முதல் இரண்டு ஆட்டமும் நன்றாகவே போயின. மூன்றாவது, தொழிற்சாலை அணிகளின் அரையிறுதி. அதற்கு முதலில் நான் நடுவரே இல்லை. அண்ணன் அணி ஆடுகிற எந்த ஆட்டத்தையும் எனக்குக் கொடுக்க வேண்டாம் என்று வருடத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் அன்று காலையில் நடுவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வேறு ஆள் இல்லை. இரண்டு அணியும் சம்மதித்தால் நானே நடத்தலாம் என்றார் லீக் செயலாளர். எதிரணி மேலாளர் யோசித்தபோது அண்ணனே அவர் தோளில் தட்டினான்.

"கையெழுத்துப் போடுங்க சார். ஒருதலைப்பட்சமா நடந்துக்கிட்டா எனக்கு எதிராத்தான் நடந்துக்குவா. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அம்மா போய் ஐந்து மாதத்தில் அன்றுதான் அவன் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன்.

எழுபத்தெட்டாவது நிமிடம் வரை ஒன்றுக்கு ஒன்று. எதிரணி ஆள் ஒருவன் பந்தோடு தனியாகக் கோலை நோக்கிப் போனான். அண்ணன் அணியின் கடைசித் தடுப்பு ஆட்டக்காரன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சிவப்பு அட்டை. எடுத்துக் காட்டினேன். அந்த ஃப்ரீ கிக் நேராக வலைக்குள் போனது. தொழிற்சாலை அணி பதினோரு வருடத்துக்குப் பிறகு அரையிறுதிக்கு வந்திருந்தது. அண்ணன் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அம்மா சாகும்போது ஓடிக்கிட்டு இருந்தவதானடி நீ! ஓடு! இன்னும் நல்லா ஓடு!"

சொன்ன மறுநொடி அவன் முகமே மாறிவிட்டது. வாயில் கையை வைத்துக்கொண்டான். என் கை தன்பாட்டில் பாக்கெட்டுக்குப் போய்ச் சிவப்பு அட்டையை எடுத்து அவனுக்கு நேராகத் தூக்கியது. அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். மிச்சம் இருந்த பன்னிரண்டு நிமிடமும் நான் ஓடினேன். எப்படி ஓடினேன் என்று தெரியாது. பார்வையாளர் எட்டரை மதிப்பெண் போட்டிருந்தார்.

மறுநாள் மதியத்துக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். காலையில் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். 'பயன்படுத்திய சொற்கள்' என்ற கட்டத்தில் 'நடுவரின் சொந்த வாழ்க்கை குறித்து அவதூறாகப் பேசினார்' என்று அடித்தேன். நேற்றுக் கோட்டோரம் நின்ற லைன்ஸ்மேன் போன் செய்தான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நான் என் அறிக்கையை அனுப்பிட்டேன். காதுல விழுந்ததை அப்படியே எழுதியிருக்கேன். மேல பார்வையாளருக்கும் கேட்டிருக்கு. நீங்க மட்டும் மாத்தி எழுதினா உங்களைத்தான் நோண்டுவாங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு..."

அவன் வைத்ததும் அண்ணி கூப்பிட்டாள். அவள் என்னிடம் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

"உங்க அண்ணன் நேத்துலேர்ந்து சாப்பிடலை. சுவரைப் பாத்துப் படுத்திருக்காரு. தப்புதான், பெரிய தப்பு. ஆனா அந்த வார்த்தையை எழுதாதேம்மா. அதை நாலு பேர் உக்காந்து படிச்சா அவர் செத்துடுவாரு. அந்த டீம் ஒண்ணுதான் அவருக்கு."

"அண்ணி, எழுதாம இருக்க முடியாது."

"முடியாதா, மாட்டியா?"

"முடியாது அண்ணி."

அவள் போனை வைத்துவிட்டாள். நான் அடித்ததை அழித்துவிட்டு, அண்ணன் சொன்னதை அந்த 'டி' முதற்கொண்டு சொன்னது சொன்னபடி எழுதி அனுப்பினேன். முதல் நிலைக்காகத்தான் எழுதினேன் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நானும் என்னை அப்படித்தான் திட்டிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து விசாரணை. மைதானத்துப் படிக்கட்டுகளுக்கு அடியில் இருக்கும் அறை, சரிந்த கூரை, ஒரு மேசை, மூன்று பேர். நடுவில் தலைவர், ஒரு பக்கம் வக்கீல், இன்னொரு பக்கம் ஒரு பழைய ஆட்டக்காரர். அண்ணன் எதிர் நாற்காலியில் தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருந்தான். பத்து நாளில் இளைத்துவிட்டான். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நடுவர்தான் தன் அறிக்கையைப் படிக்க வேண்டும் என்பது முறை. படித்தேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன், குரல் உடையக்கூடாது என்று. உடையவில்லை.

வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இதுல கெட்ட வார்த்தை எதுவும் இல்லையே?" என்றார்.

பழைய ஆட்டக்காரர் அவரை முறைத்தார். "இதைவிடக் கெட்ட வார்த்தை வேணுமா சார் உங்களுக்கு?"

தலைவர் இருவரையும் கையமர்த்திவிட்டு அண்ணனைப் பார்த்தார். "இதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

"இந்தக் குற்றத்துக்குத் தண்டனை ஒரு வருஷத் தடை. நீங்க மனப்பூர்வமா வருத்தம் தெரிவிச்சா மூணு ஆட்டத்தோட விட எங்களுக்கு அதிகாரம் இருக்கு. என்ன சொல்றீங்க?"

அண்ணன் எழுந்து நின்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். அண்ணி எழுதிக் கொடுத்திருப்பாள். அதைப் பிரிக்காமலேயே பேசினான்.

"என் வாய் அழுகிப் போகணும் சார். இவ மேல ஒரு தப்பும் இல்லை. அன்னிக்குப் போகச் சொன்னதே நான்தான். போன் பையில கிடந்துச்சு, இவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஓடியிருக்கவே மாட்டா, எனக்குத் தெரியாதா என் தங்கச்சியை? என் மேல இருந்த கோவத்தை இவ மேல கொட்டிட்டேன்." அப்புறம் முதல் முறையாக என்னைப் பார்த்தான். கண் நிறைந்திருந்தது. "மன்னிச்சுடும்மா."

தலைவர் ஏதோ எழுதிக்கொண்டு, தலையைத் தூக்காமலேயே வழக்கமான கேள்வியைக் கேட்டார். "நடுவர் ஏதாவது சேர்க்கணுமா?"

இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். ஒரே வார்த்தை. அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான், அண்ணி சோறு போட்டிருப்பாள், மூன்று ஆட்டம் கழித்து அவன் அணியோடு இருந்திருப்பான். எனக்கும் அதுதான் வேண்டும். சத்தியமாக அதுதான் வேண்டும். ஆனால் அவன் அழுதுகொண்டு நின்றான், செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு. ஐந்து மாதமாக இவன் இப்படித்தான் தன்னைத் தின்றுகொண்டிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எனக்குத் தெரியும்ணா" என்றேன்.

"என்ன தெரியும்?"

"போன் வந்துச்சு. எடுத்துப் பேசினேன்."

தலைவரின் பேனா நின்றது. அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. நான் ஏதோ அவனைத் தேற்றுவதாக நினைத்தான் போல, வேண்டாம் என்று கையை அசைத்தான். பிறகு அந்தக் கை அப்படியே நின்றது.

"யார் பேசினாங்க?"

"நர்ஸ்."

"என்ன சொன்னாங்க?"

"அம்மாவுக்கு முடியலை, வரச் சொன்னாங்க."

"அப்படி இல்லை. அவங்க சொன்னதை அப்படியே சொல்லு."

அந்த வார்த்தைகள் எனக்கு மறக்கவா போகின்றன? "'அம்மாவுக்கு மூச்சு வாங்குது. உங்களைத்தான் கேக்குறாங்க. உடனே வாங்க'னு சொன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"'அரைமணி நேரத்துல வந்துடறேன், அம்மாகிட்ட சொல்லுங்க'னு சொன்னேன்."

"எத்தனை ரவுண்டு முடிஞ்சிருந்துச்சு அப்போ?"

அவன் இன்னும் எனக்கு ஒரு வழி தேடிக்கொண்டிருந்தான். பாதி ஓட்டத்தில் நிற்க முடியாமல் போயிருக்கும் என்று என்னிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும் அவனுக்கு. அதையே பிடித்துக்கொண்டு என்னை மன்னித்திருப்பான்.

"ஆரம்பிக்கவே இல்லைண்ணா."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். கையில் இருந்த தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தான். வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார், தலைவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அண்ணன் தலைவரிடம்தான் பேசினான். குரல் சாதாரணமாக இருந்தது, ஸ்டோரில் சரக்குக் கணக்குச் சொல்லுகிற மாதிரி.

"சார், வருத்தம் தெரிவிச்சா மூணு ஆட்டம்னு சொன்னீங்க."

"ஆமா. நீங்கதான் தெரிவிச்சுட்டீங்களே."

"தெரிவிக்கலேன்னா ஒரு வருஷமா?"

"ஒரு வருஷம். ஆனா நீங்க—"

"அதையே போடுங்க சார்."

தலைவர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் எழுந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் கேட்டுப் போட்டுவிட்டு, மூன்று பேருக்கும் கும்பிடு போட்டான். நான் "அண்ணா" என்று கூப்பிட்டேன். அவன் காதில் விழுந்தது, அது எனக்குத் தெரியும். கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனான்.

அந்த மாதக் கடைசியில் எனக்கு முதல் நிலை கிடைத்தது. தபாலில் வந்த பேட்ஜை நானே தைத்துக்கொண்டேன்.